குறையாத அளவு

சாமி விளக்குப் பலகை இன்றும் ஒரு விரற்கடை மேலே போயிருந்தது.

காஜா பேராங் தெரு வீட்டில் முப்பது வருஷமாக அதே ஆணி, அதே பலகை. சிவகாமசுந்தரி எக்கி எக்கிப் பார்த்தாள், திரி எட்டவில்லை. தகரக் கூரையில் சாயங்கால மழை விடாமல் கொட்ட, ஈரச் சுவரின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் மூச்சை அடைக்க, முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. அவள் முதுகுக்குள் நறுக்கென்று ஒரு சத்தம், அப்பளம் நொறுங்கியதுபோல. மெஷின் மறுபடி ஓடியது. புருஷன் சேதுராமன் கொடி தைத்துக்கொண்டிருந்தார். பிழைக்க வந்த இந்த நாட்டுக்கும் ஆகஸ்ட் கடைசியில் சுதந்திரம்; இன்னும் பத்தே நாள்.

அறுபது வயதாகிறது, எலும்பு தேய்கிறது என்றார் டாக்டர். "என்னாக்கா, இப்படிக் கூனிட்டீங்களே!" என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். சேதுராமன் மட்டும் மாதாமாதம் அவளைக் கதவோரம் நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை அளவு நாடாவை ஓட்டிக் காட்டுவார்.

"அம்பத்தெட்டு. பாரு, அப்படியேதான இருக்கு. ஊர்ல ஆயிரம் பேசுவாங்க, நீ ஏன் காதுல போட்டுக்கிற?"

ஊர் பொய் சொல்லும், டாக்டர்கூடத் தப்பாகச் சொல்வார். தையற்காரர் நாடா பொய் சொல்லுமா? அதை நம்பித்தான் அவள் தூங்கினாள்.

அவர் பின்கட்டுக்குக் கை கழுவப் போனார். ஒரு தடவை தானே அளந்து பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று, மெஷின்மேல் கிடந்த நாடாவை எடுத்தாள்.

விரலில் ஏதோ தடிப்பாக நெருடியது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்துமூன்று. கொஞ்சம் தள்ளி, இன்னொரு எண் இல்லை. மொத்தம் ஏழு இடத்தில் வெட்டி, ஒட்டித் தைத்திருந்தது. பொடித் தையல். நாற்பது வருஷமாக அவள் ரவிக்கைகளில் இருக்கும் அதே கைத்தையல்.

என் மனசு நோகக்கூடாதென்று செய்திருப்பாரோ? அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். மெஷினின் இழுப்பறை லாச்சியை இழுத்தாள்.

ஏழு நாடாத் துண்டுகள். அவற்றுக்கடியில் வெள்ளைப் பாவாடைகள், மடிப்புக் கலையாமல். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நூலில் இனி வரும் ஒரு மாதம். செப்டம்பர். அக்டோபர். நவம்பர். ஒன்றைவிட ஒன்று குட்டை. கடைசிப் பாவாடை ஒரு சாண்.

கைப்பிடித்தவனே. பாவி. உன்னைத்தானே நம்பினேன்.

மழை நின்றிருந்தது. பின்னால் காலடி. அவர் அவள் கையிலிருந்து நாடாவை மெல்ல வாங்கிக்கொண்டார். தலையைத் தடவிக் கொடுத்தார். மறு கையில் கத்தரி.

"நிமிந்து நில்லு, சிவகாமி."

நறுக்.

நாடாவில். அவள் முதுகில்.

ஒரு அங்குலத் துண்டு தரையில் விழுந்தது. அவள் கண் முன்னே, விளக்குப் பலகை இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது.