உண்மைப் பிரதி

கன்னத்தில் சவரக் கத்தி கீறிய இடத்தில் இரத்தம் வரவில்லை. வெள்ளையாக ஏதோ கசிந்தது. நுரையாக்கும் என்று அகில இலங்கை சமாதான நீதவான் பாலசுந்தரம் துடைத்தார். விரலில் ஒட்டிப் பிசுபிசுத்தது.

அந்தப் பிசுபிசுப்பு அவருடைய மனைவி யோகேஸ்வரிக்குத்தான் பழக்கம். வெள்ளவத்தை ஐந்தாம் மாடி பல்கனியில் சாடியில் நின்ற அரலியா என்னும் ஈழத்தலரி மரத்துக்குக் கொப்பு வெட்டி, வெட்டுவாயில் பால் காயவிட்டு, வேர் அழுகாமல் அளந்து தண்ணீர் ஊற்றி ஆறு வருடம் வளர்த்தவள் அவள். பாலசுந்தரம் செய்த வேலை, பூத்த நாட்களில் பக்கத்தில் நின்று படம் பிடிப்பித்தது. குடியிருப்புச் சங்கம் சிறந்த மரத்துக்குப் பரிசு அறிவித்ததும் மரம் அவருடையதாயிற்று. நேற்று, மரம் தன்னுடையது என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தானே எழுதி, தானே ஒப்பமிட்டு, ஊரார் பத்திரங்களில் குத்தும் ‘உண்மைப் பிரதி’ சீல் ஒன்றையும் தானே குத்தினார்.

“இஞ்சாருங்கோ, ‘இம்மரத்தின் உரிமையாளன் நானே’ எண்டெல்லோ வரவேணும்? ‘இம்மரம் நானே’ எண்டு எழுதியிருக்கிறியள்.”

“நான் சீல் குத்தினா அது உண்மை. சட்டம் தெரியாமல் கதையாதையும்.”

“அப்ப சரி. இனி உங்களுக்குத்தான் தண்ணி ஊத்தவேணும்.”

இன்று மாலை அவள் கோயிலுக்குப் போனபின், கரையோர ரயில் கண்ணாடிகளை அதிரவைத்துக் கடந்து, உப்புக் காற்று திரைச்சீலையைத் தூக்கி எறிந்து, கீழே காலி வீதியின் பஸ் இரைச்சலும் மெல்லத் தேய்ந்தபோது, அரலியாப் பூவின் வாசம் வீட்டுக்குள் கனத்து நிற்பதைப் பாலசுந்தரம் உணர்ந்தார். முகர்ந்து முகர்ந்து தேடினார். வாசம் அவருடைய சட்டைக் கழுத்திலிருந்து வந்தது.

பல்கனிக்கு ஓடினார். சாடியில் மண் இருந்தது. மரம் இல்லை.

டொக்.

உள்ளே, அவருடைய மேசையில். சீல் குத்தும் சத்தம்.

டொக்.

திரும்பினார். உடல் திரும்பியது, கால்கள் வரவில்லை. பாதங்களில் குளிர்ந்த ஈரம். குனிந்து பார்த்தார். கணுக்கால்வரை மண்.

பல்கனிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அவருடைய கதிரையில், அவருடைய மூக்குக் கண்ணாடியோடு ஒருவர். தலை நிமிராமல், தன் மணிக்கட்டிலேயே சீல் குத்தினார். ஊதா எழுத்து. ‘உண்மைப் பிரதி’.

கதவில் திறப்புச் சத்தம். யோகேஸ்வரி!

கத்தினார். காற்றுகூட வெளியே வரவில்லை. கைகளை உயர்த்தினார். உயர்ந்த கைகள் இறங்கவில்லை.

“யோகம், நாளைக்குச் சங்கத்து ஆக்கள் மரம் பார்க்க வருகினம்,” என்றது உள்ளிருந்து அவருடைய குரல். “வடிவா வெட்டிவிடும்.”

“ஓமோம்.”

அவள் வந்தாள். அளந்து தண்ணீர் ஊற்றினாள். குளிர் முழங்கால்வரை ஏறியது. சுகமாயிருந்தது. அதுதான் பயங்கரம்.

“இந்தக் கொப்புக் கூடிப்போச்சு,” என்று முணுமுணுத்தபடி, அவருடைய வலது கையின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, கத்தரியை விரித்தாள்.