இடது பின் ஸ்பீக்கர்

மழைக்கு நடுவில் யாரோ இருமினார்கள்.

அண்ணன் கையிலிருந்த ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினான். திரையில் காட்டு மழை கோடு கோடாக உறைந்து நின்றது. ஒரு குரங்கு வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீயாடா இருமினே?"

"நான் எதுக்கு இருமணும்? நனைஞ்சது அதுதானே," என்று தம்பி குரங்கைக் காட்டினான்.

பின்னால் ஓட்டி அதே இடத்தை மறுபடி போட்டான் அண்ணன். மழை மட்டும் பெய்தது. இருமல் இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவன் காது அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தது: இடப்பக்கம், முதுகுக்குப் பின்னால், கருப்புத் தாங்கியில் நிற்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கர்.

மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. விடுமுறை நாளாகப் பார்த்துப் பார்த்து அவனே அதைச் சினிமா அறையாக மாற்றியிருந்தான். சுவரெல்லாம் கருப்பு ஃபோம் பலகை, தரையில் கணுக்கால் புதையும் கம்பளம், ஓரங்களில் ரப்பர் ஒட்டிய கனத்த கதவு. அந்தக் கதவைச் சாத்தினால் சமையலறைக் குழாயும் தெருவின் ஹாரன் சத்தமும் கத்தியால் நறுக்கினாற்போல் நின்றுவிடும். பிறகு பசை நாற்றமும், புதுக் கம்பளத்தின் நாற்றமும், சொந்த மூச்சின் சத்தமும்தான் மிச்சம். வெளியே உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே புரொஜெக்டர் வெளிச்சம் ஒன்றுதான் வெளிச்சம்.

காலையிலிருந்து அண்ணன் தம்பி இருவரும் அங்கேதான் கிடந்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் ஆறு ஸ்பீக்கர் மாட்டியிருந்தும் முன்னால் இருந்த இரண்டு மட்டுமே பேசின. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் வீட்டில் இப்படி நடந்தால் தம்பி சும்மா இருப்பானா? "டாக்டர் வீட்லயே பேஷண்ட் செத்துட்டான்" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

கோளாறு என்னவென்று அண்ணனுக்குக் கடைசியில் பிடிபட்டது. பிடிபட்டதும் அதை விளக்கிச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும்.

"இங்க பாரு. இந்தப் படத்துல ஆறு சத்தம் தனித்தனியா இருக்கு, ஆனா ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கான். கம்ப்யூட்டர்ல படம் ஓட்டற நம்ம பிளேயர் அவசரக்குடுக்கை. அதுவே மூட்டைய அவிழ்க்குது. இந்த கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஸ்பீக்கர்தான்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்களா, அதனால ஆறையும் ரெண்டு பாத்திரத்துல ஊத்திடுது. அப்புறம் ஆம்ப் என்ன பண்ணும், பாவம்? கலந்த பாலைத் தண்ணி வேற பால் வேறன்னு பிரிக்க முடியுமா?"

"அப்ப என்ன செய்யணும்?"

"அவிழ்க்காதே, மூட்டைய அப்படியே ஆம்ப் கையில குடுன்னு பிளேயர்கிட்ட சொல்லணும். ஒரே ஒரு டிக். அவ்வளவுதான்."

"நீ மட்டும் வாத்தியாரா போயிருந்தா பசங்க எல்லாம் ஜன்னல் வழியா குதிச்சிருப்பானுங்கண்ணா. நல்லவேளை, இங்க ஜன்னலே இல்ல."

அந்த ஒரு டிக்கை வைத்ததும் ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதோ 'டக்' என்று இடம் மாறியது. மழை சுவரை விட்டு இறங்கி அறை முழுக்கப் பெய்தது. முதுகுக்குப் பின்னால் இலைகள் சொட்டின. வலப்பக்கம் ஒரு பறவை சிறகை உதறியது. அண்ணனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த இருமல்.

ஸ்பீக்கர் சோதிப்பதற்கு அவர்களுக்கு ஒரு முறை உண்டு. அண்ணன் நடு நாற்காலியில் உட்கார்வான். தம்பி முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய், அதன் மேல் காதை வைத்து, கேட்பதைச் சொல்வான். இப்போது தம்பி இடது பின் மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காதை ஒட்டினான்.

"என்ன கேக்குது?"

"மழை."

"வேற?"

"இன்னும் கொஞ்சம் மழை."

அண்ணனுக்குக் கேட்டது மழை மட்டும் இல்லை. மழைக்கு அடியில், வெகு தள்ளி, கம்பளத்தின் மேல் கனமான எதையோ இழுப்பது போன்ற சத்தம் கேட்டது. இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தது. நாற்காலியை விட்டு எழுந்து தம்பியின் பக்கத்தில் போய்க் காதை வைத்தான். மழைதான். திரும்பி வந்து உட்கார்ந்தான். இழுக்கும் சத்தம். ஆறு ஸ்பீக்கரும் ஒன்றுகூடும் இடம் அந்த நாற்காலிதான். அந்த இடத்துக்காகத்தான் எல்லாவற்றையும் திருப்பி வைத்திருந்தான். அங்கே உட்கார்ந்தவனுக்குக் கேட்பது மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்கும்.

தூரக் கணக்கு தப்பியிருக்கலாம் என்று நினைத்தான். அடியில் இரும்புத் தட்டு வைத்த மைக் ஸ்டாண்டை நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினான். ஆம்ப் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'டப்' என்று ஒரு சத்தம் அனுப்பும்; அது மைக்குக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும்; அதை வைத்து, இந்த ஸ்பீக்கர் இத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று தன் நெற்றியில் எழுதிக் காட்டும்.

முன் இரண்டும் சரி. நடுவும் சரி. இடது பின்: பன்னிரண்டு மீட்டர்.

மொத்த அறையே அதில் பாதி நீளம் கிடையாது. கட்டைக்குரல் பெட்டியான சப்வூஃபராக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டான். அதற்குள் சத்தம் தயங்கித்தான் வெளிவரும், தூரம் கூடத்தான் காட்டும். ஆனால் உள்ளங்கை அகலச் சின்ன ஸ்பீக்கர் ஏன் தயங்க வேண்டும்?

மறுபடி அளந்தான். ஒன்பது.

மழையை ஓடவிட்டுக் கேட்டான். இழுக்கும் சத்தம் கிட்டத்தில் வந்திருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்றும் சேர்ந்திருந்தது: மந்தமாக, ஈரமாக, ஒரு மொத்து. சினிமாவில் விழும் அடிக்கு ஒரு பளிச்சென்ற அழகு இருக்கும். இதில் அது இல்லை. இது சதை.

மறுபடி அளந்தான். ஆறு.

ஆம்புக்குத் தூரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான். நேரத்தை எடுத்து மீட்டராக மாற்றிச் சொல்கிறது, அவ்வளவே. அண்ணன் இதை எத்தனையோ பேருக்குச் சலிக்காமல் விளக்கியிருக்கிறான். இப்போது தனக்கே விளக்கிக்கொண்டான். அந்தச் சத்தம் எங்கோ தள்ளி நடக்கவில்லை. இதே அறையில்தான் நடக்கப்போகிறது. இன்னும் நடக்கவில்லை.

மொத்து. மறுபடி மொத்து. யாரோ மிருகம் மாதிரி மூச்சு வாங்கினார்கள். பிறகு ஒரு குரல்.

"அண்ணா... வேண்டாம்ணா... நான்தான்..."

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தபோது தம்பி இதே குரலில்தான் அழுதான். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் அண்ணன்தான். அந்தக் குரலை உலகத்தில் எங்கே கேட்டாலும் அவனுக்குத் தெரியும்.

"டேய். நீ வெளிய போ."

"என்னண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"போன்னு சொல்றேன்ல."

"இரு, இதை முடிச்சுட்டுப் போலாம். அண்ணி கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு."

யாரோ ஒருவன் வரப்போகிறான். வந்து தம்பியை அடிக்கப்போகிறான். கதவைப் பார்த்தான் அண்ணன். உள்ளே பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அதற்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை.

குனிந்து கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஆம்புக்குச் சத்தம் கொண்டுபோகும் ஆப்டிகல் ஒயரைப் பிடுங்கினான். அது சொருகியிருந்த துளையில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. மழைச் சத்தம் நின்றுபோனது. திரையில் மட்டும் மழை ஊமையாகப் பெய்துகொண்டிருந்தது.

இடது பின் ஸ்பீக்கர் நிற்கவில்லை.

மொத்து. மூச்சு. மொத்து. எலும்பு ஒன்று பச்சை விறகு போல முறிந்தது. "அண்ணா... வேண்டாம்ணா..."

"ஒயரைப் புடுங்கிட்டியா? இங்க சுத்தமா ஒண்ணும் கேக்கல," என்றான் தம்பி, காதை அதன் மேல் வைத்துக்கொண்டே. "ஆம்ப் இன்னும் ஆறுன்னா காட்டுது? என் பாக்கெட்ல இருக்கற டேப் வச்சு அளந்து பாத்தாச்சு, ரெண்டு மீட்டர்தான். நீயே ரெண்டுன்னு போட்டுட்டு வாண்ணா, பசிக்குது."

தப்பான எண்ணைப் பார்த்தால் திருத்திவிடும் பழக்கம் அண்ணனின் விரல்களுக்கு. மனசு வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. ஐந்து. நான்கு. மூன்று.

இரண்டு.

சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடி விழும்போது கிளம்பும் காற்று அவன் கன்னத்தில் பட்டது. இரும்பு நாற்றம். மூச்சு. அவ்வளவு பக்கத்தில், அவன் தலைக்குள்ளேயே இருந்து யாரோ வாங்குவது போன்ற மூச்சு. அலறிக்கொண்டே பாய்ந்து சுவரில் இருந்த மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டான்.

இருட்டு.

ஆம்பின் எழுத்து அணைந்தது. புரொஜெக்டரின் விசிறி சுற்றி ஓய்ந்தது. பஞ்சடைத்த அமைதி.

இடது பின் மூலையில் கம்பளம் நசுங்கியது.

"அண்ணா?"

தொடங்கிவிட்டது. முதல் சொல் இதுதான். அடிக்கப்போகிறவன் வந்துவிட்டான். இருட்டில் உள்ளே நுழைந்துவிட்டான். தம்பியின் மேல் குனிந்து நிற்கிறான். கை மைக் ஸ்டாண்டைத் தொட்டது. குழாயைப் பிடித்துத் தூக்கினான். தட்டு மேலே. கனம்.

தம்பி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலை இடுப்புயரம். அதற்கு மேலே அடிக்க வேண்டும். நிற்கிறவனை அடிக்க வேண்டும்.

அடித்தான்.

பட்டது.

எதுவோ ஸ்பீக்கரோடு சேர்ந்து சரிந்தது. விடக் கூடாது. எழுந்தால் தம்பி செத்தான். விழுந்ததை அடித்தான். ஈரமாக ஒரு மொத்து. இன்னொன்று. ஒரு கை அவன் காலைப் பிடித்தது. அந்தக் கையை அடித்தான். பச்சை விறகு முறிந்தது.

"அண்ணா... வேண்டாம்ணா... நான்தான்..."

அதே சொற்கள். அதே வரிசை. அதே இடத்தில் அதே விக்கல். ஸ்பீக்கர். தெரியும். இதை முன்பே கேட்டாயிற்று. அதை நம்பக் கூடாது. அடிக்க வேண்டும். அடித்தான். அடித்தான். முகம் இருக்கும் இடம் மெத்தென்று ஆகும்வரை அடித்தான்.

அது சட்டையைப் பற்றி எழுந்திருக்கப் பார்ப்பது போலிருந்தது. காலைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தான். கனம். நின்றான். மூச்சு வாங்கினான். மறுபடி இழுத்தான். கம்பளத்தின் மேல் அது இழுபடும் சத்தம்.

கீழே கிடந்தது ஒரு முறை இருமியது. பிறகு இருமவில்லை.

"தம்பி," என்றான் இருட்டைப் பார்த்து. "பயப்படாதடா. முடிச்சுட்டேன். எங்கடா இருக்கே?"

காது கொடுத்துக் கேட்டான்.

அவன் மூச்சு மட்டும். மிருகம் மாதிரி.

அப்போது, யாரும் கேட்காமலே, அவனுக்குள் இருந்த பொறுமைசாலி நிதானமாக விளக்க ஆரம்பித்தான். மெயின் சுவிட்சை நீதான் அணைத்தாய். ஆம்பில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் ஸ்பீக்கர் பேசாது.

அண்ணன் மண்டியிட்டான். கையை நீட்டித் தடவினான். சட்டைப் பையில் டேப் இருந்தது. மேலே போனான். கழுத்து சூடாக இருந்தது. அதற்கு மேலே விரல்களுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

வலப்பக்கம், பின்னால், ஒரு சின்ன 'டப்'.

செத்துக் கிடந்த ஆம்பின் நெற்றியில் எழுத்து எரிந்தது. வலது பின்: பன்னிரண்டு மீட்டர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது. ஆறு. மின்சாரம் இல்லாமல்தான். அப்படியென்றால் சற்று முன் கெஞ்சியதும் ஸ்பீக்கராக இருக்கலாமே, என்று கண நேரம் ஒரு கேவலமான சந்தோஷம் அவனுக்குள் துள்ளியது. கையில் சூடு பிசுபிசுத்தது.

வலது பின் ஸ்பீக்கரில் வளையல் நொறுங்கியது.

கனத்த கதவு வெளியிலிருந்து தள்ளப்பட்டது. ரப்பர் பிய்ந்து, பகல் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. கோடு அகலமானது. அதன் நடுவே கரண்டியும் கையுமாக மனைவி.

"எத்தனை தடவைங்க கூப்பிடறது? என்ன ரெண்டு பேரும்..."

வெளிச்சம் கம்பளத்தில் ஊர்ந்து, சரிந்த முக்காலியைத் தாண்டி, மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கண்கள் அதைத் தொடர்ந்து போயின. அண்ணன் எழுந்தான். ஸ்டாண்டைக் கீழே போட வேண்டும் என்று நினைத்தான். விரல்கள் அதைச் சுற்றி இறுகின.

இரண்டு மீட்டர்.

அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வலது பின் ஸ்பீக்கரில் அவள் அலறத் தொடங்கினாள்.