நகல் பூட்டு

காலை ஏழு மணிக்கு எண்ணூர் சொட்டு மையத்தில் முதலில் நகம் பார்ப்பார்கள். வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்டு. அப்புறம்தான் நாக்கில் சொட்டு. பன்னிரண்டு வருடமாகச் சொட்டு விடுபவள் அல்போன்சா. பிறகு ஒரு மணி நேரம், பூட்டு மணி அடிக்கும்வரை, எல்லாரையும் முற்றத்தில் உட்காரவைப்பது வழக்கம்.

புற்றுநோய் ஊரையே தின்ற காலத்தில் அரசாங்கம் எல்லார் உடம்பிலும் நகல் பூட்டைப் போட்டது. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் டி.என்.ஏ.வின் முறுக்கிய இரட்டை இழை ஜிப்பைப் போலப் பிரிய வேண்டும். பிரிந்த ஒவ்வொரு பழைய இழையையும் அச்சாகக் கொண்டு புது இழை வளரும். அந்தப் பிரிப்பு நொதியைத்தான் பூட்டினார்கள். வாரம் ஒரு சொட்டு விட்டால் ஒரு மணி நேரம் திறக்கும்; கூடுதலாக விட்டாலும் அதற்கு மேல் திறக்காது. அப்போது பட்ட காயம் கண்ணெதிரே மூடிக்கொள்ளும். மற்ற நேரத்தில் சின்னக் கீறலும் ஆறாது.

புற்றுநோய் ஒழிந்தது நிஜம்தான். கூடவே அடிதடியும் ஒழிந்தது. கை நீட்டியவனுக்குச் சொட்டு நிறுத்தம்; இருபது நாள் தாண்டியவன் கிடையாது. காவலர்களுக்கு மட்டும் மணிக்கொரு சொட்டு. அடிக்கிற உரிமை ஆறுகிறவனுக்குத்தானே! இதற்குப் பெயர் அமைதி என்று பெருமை வேறு.

அன்று வரிசை முடிந்ததும் அல்போன்சாவின் தம்பி செல்வின் தள்ளாடி வந்தான். காவலர் கோதண்டத்தை அறைந்துவிட்டு ஒளிந்திருந்தவனைப் பக்கத்து வீட்டு மரியதாஸ் காட்டிக்கொடுத்திருந்தான்; அன்று நிறுத்தத்தின் ஒன்பதாம் நாள். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

"தண்ணி குடிச்சாகூட ரத்தமா வருதுக்கா. ஒரே ஒரு சொட்டு."

"நிறுத்தத்துல இருக்கிறவன் வாசப்படி ஏறக் கூடாதுடா," என்று கோதண்டம் லத்தியை இறக்கினான். செல்வினின் தோள் கிழிந்தது. அல்போன்சா பாய்ந்து வந்தாள். குப்பியைத் தம்பியின் வாயில் கவிழ்த்தாள். அடுத்த அடியில், அன்று இன்னும் சொட்டு எடுக்காத அவள் மணிக்கட்டு முறிந்தது.

"பாத்துக்கிட்டு உட்காந்திருக்கீங்களே!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். "இப்ப எல்லாருக்கும் தொறந்திருக்கு! இப்ப அடிபட்டா ஆறும்!"

அறுபது பேர் எழுந்தார்கள். கோதண்டத்தின் லத்தியாலேயே அவன் மண்டையைப் பிளந்தார்கள். அது மூடுவதற்குள் மறுபடி பிளந்தார்கள். அவன் அடங்கிய பிறகும் கைகள் அடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன், பங்காளி, பழைய முதலாளி என்று ஆள் ஆளாகத் தேடிப் பிடித்தார்கள்.

பூட்டு மணி அடித்தது.

"நிறுத்துங்க! இனிமே ஆறாது!" என்று அல்போன்சா அலறினாள். யார் காதிலும் ஏறவில்லை. செல்வின், தன்னைக் காட்டிக்கொடுத்த மரியதாசின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தான். மரியதாசின் கைக்கு ஓர் உடைந்த குப்பி கிடைத்தது. செல்வினின் கழுத்தில் இழுத்துவிட்டு ஓடினான்.

அல்போன்சா நல்ல கையால் அந்தக் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். விரலிடுக்கில் ரத்தம் சூடாக வழிந்தது.

"அவன விடாதக்கா," என்றான் செல்வின்.

அவள் கழுத்திலிருந்து கையை எடுத்து, கீழே கிடந்த லத்தியைத் துழாவினாள்.