ஐந்தாவது ஒட்டு

காலை 8.10. பழைய அரண்மனையின் மாடி அறையில் கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. ராஜாவின் தங்க மூக்குப்பொடி டப்பியைக் காணவில்லை. கதவுப் பூட்டு உடையவில்லை.

8.45. இன்ஸ்பெக்டர் வந்தார். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாதவரின் முகம்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, கொத்தனார்கிட்ட ஒண்ணு சார்," என்றான் வழிகாட்டி. ஓயாமல் பேசுவதால் அவனுக்குப் பெயர் ரேடியோ. தானே வார்த்த வெள்ளை அரண்மனைப் பொம்மைகளையும் வாசலில் விற்பான். "அஞ்சு மணிக்குப் பூட்டினேன், டப்பி இருந்துச்சு. ஆறு மணிக்கு அவங்க சாவியில கொத்தனார் சம்சாரம் உள்ள போச்சு."

சுவரில் உதிர்ந்த இடங்களைக் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டியிருந்தார். அவை காயாமல் நனைப்பது மனைவியின் வேலை.

"தண்ணி தெளிச்சேன், இறங்கிட்டேன். முதுகு விட்டுப்போச்சு சார், எதையும் பார்க்கல," என்றாள் அவள்.

"கேட்ல தினமும் சோதனை உண்டு. பொருள் வெளிய போகல. ஸ்டேஷன்ல பேசிக்கலாம், வாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். இருபது வருஷம் கூடவே சாந்து சுமந்தவள். கத்தத் தெம்பில்லை. சுவரோரம் போய், ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். நான்கில் நகம் பதிந்தது. ஜன்னலுக்குக் கீழே ஐந்தாவதில் வழுக்கியது.

"நான் போட்டது நாலுதான் சார். சுண்ணாம்பு இறுக நாளாகும். இது ஒரே ராத்திரியில கல்லாயிருக்கு."

உளியால் தட்டினார். மேலோடு பெயர்ந்தது. உள்ளே டப்பி.

"பொம்மை வார்க்கிற பவுடர் சார் இது. தண்ணி பட்டா சட்டுனு இறுகிடும்."

ரேடியோ பாய்ந்தான். "கடையில யாருக்கும் கிடைக்கும்! அந்தம்மாவே வாங்கியிருக்கும்!"

"அவ பக்கத்துல தொட்டி நிறையச் சுண்ணாம்பு இருந்துச்சு தம்பி. என் ஒட்டு ஒண்ணுக்குள்ளயே வெச்சு அதால பூசியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. பவுடருக்கு ஏன் அலையப்போறா? மிச்சம் இருக்கறது உன் சாவிதான்."

ரேடியோ சாவியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"பரபரப்பு அடங்கி, கேட்ல சோதனை தளர்ந்ததும் எடுக்கலாம்னு நினைச்சேன்," என்றான் கடைசியில்.

9.50. ஜீப் போனது. மனைவி படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னியே. அப்ப, நானான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க."

கொத்தனார் உளியைத் துடைத்தார். "நாலையும் கீறி வெச்சிருக்கேன். மறுபடி பூசணும்."

"சாந்தை நீயே குழைச்சுக்கய்யா," என்றாள், எழுந்திருக்காமல்.