ஊதாத் துணிக்குப் பின்னால்

1994 மார்ச் 18, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழையோடு பனித்துகளும் விழுந்துகொண்டிருந்தது. அம்புறோஸ், அவர் மனைவி புஷ்பமலர், ஏழு வயது மகள் சுஜீவா ஆகிய மூவரும் ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் நின்ற பழைய சவர்க்கார ஆலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. இப்போது அது அகதிகள் விடுதி. ஆயினும் அதன் சுவர்களில் சவர்க்கார வாசனை தங்கியிருந்தது: பூவின் இனிமை, அதற்கு அடியில் கொழுப்பின் நெடி.

விடுதிக் காவலர் அறைக் கதவின் திறப்பைக் கொடுத்துவிட்டுக் குளியலறையைக் காட்டினார். அங்கே சுவரில், கதவளவு உயரமான எனாமல் விளம்பரப் பலகை ஒன்று திருகப்பட்டிருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. மரத்தொட்டிக்குள் ஒரு கறுப்புக் குழந்தை. வெள்ளைச் சட்டை அணிந்த பணிப்பெண் ஒருத்தி, முழங்கை வரை நனைந்து, பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே குழந்தை முற்றாக வெளுத்திருந்தது. முகம் மட்டுமே மிச்சம்.

இருவரும் சிரிக்கும்படி வரையப்பட்டிருந்தார்கள்.

"அப்பா, அந்தப் பிள்ளைக்கு நோகாதோ?" என்று சுஜீவா கேட்டாள்.

பலகையைக் கழற்ற முடியுமா என்று அம்புறோஸ் தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் கேட்டார். அது பாதுகாக்கப்பட்ட பழம்பொருள், தொடக்கூடாது என்று காவலர் பதிலளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களுடைய ஊரான மன்னாரில், இயேசுவின் பாடுகளை நினைக்கும் நாட்களில் கோயில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி, உயிர்த்த ஞாயிறன்று திறப்பார்கள். புஷ்பமலர் அறையிலிருந்த சிறிய மாதா சுரூபத்தை மூடினாள். மிஞ்சிய துணியைக் கொண்டுபோய், அந்த விளம்பரப் பலகையையும் மூடினாள்.

"விசர் வேலை பாக்கிறீர். சுரூபத்தையெல்லோ மூடுறது? இந்தச் சனியனையும் மாதாவோட சேர்த்திட்டீர்" என்றார் அம்புறோஸ்.

"தொடக் கூடாதெண்டுதானே சொன்னவன்? மூடக் கூடாதெண்டு சொல்லேல்லையே. பிள்ளை குளிக்கப் பயப்பிடுது."

"அப்ப உயிர்த்த ஞாயிறு இதையும் திறக்க வேணுமே. பூசைக்கு ஆரைக் கூப்பிடப் போறீர்?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார்.

இரண்டு வாரங்கள் அமைதியாகக் கழிந்தன. சவர்க்கார வாசனைகூடக் குறைந்திருந்தது.

உயிர்த்த ஞாயிறன்று காலை, கோயிலிலிருந்து திரும்பியதும் புஷ்பமலர் மாதாவின் துணியை அகற்றினாள். திரும்பிப் பார்த்தபோது சுஜீவா அறையில் இல்லை. குளியலறையில் நின்றாள். கையில் ஊதாத் துணி.

"எல்லாச் சுரூபமும் திறந்தாச்சு, அம்மா. இதை மட்டும் மறந்துபோனியள்."

பலகையில் தொட்டி இருந்தது. குழந்தை இருந்தது.

பணிப்பெண் இல்லை.

அவள் நின்ற இடத்தில் எனாமல் வெறும் வெள்ளையாக, ஈரமாகப் பளபளத்தது.

குழந்தை இப்போது சிரிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல், சுஜீவா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, தோல் உரிந்து சிவந்திருந்தது. நக இடுக்குகளில் நுரை.

"ஆரம்மா செய்தது?" என்று புஷ்பமலர் கேட்டாள்.

சுஜீவா குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளைச் சட்டை போட்ட அன்ரி. முகத்தைக் கடைசியாத்தான் தேய்ப்பாவாம்."

துணியை மறுபடி கட்டினார்கள், பயனில்லை. மருத்துவர் சவர்க்காரத்தைக் குறைக்கும்படி அறிவுரை கூறினார். அறையில் சவர்க்காரமே இல்லை என்பதை அம்புறோஸ் அவருக்கு விளக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றும்படி அன்ட்றாக் என்னும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அனுமதியின்றி வெளியேறினால், கிடைத்த இடமும் போய்விடும். புஷ்பமலர் மகளைத் தன் பார்வையிலிருந்து விலக்கவேயில்லை. ஆனால் கண் இமைக்காமல் இருக்க எவராலும் இயலாது. சிவப்பு தோளுக்கு ஏறியது. மார்புக்குப் பரவியது.

"இண்டைக்கும் பதில் வரேல்லையோ?"

"வரும், பொறும்."

"பொறுக்கேலாதப்பா. கழுத்துக்கு வந்திட்டுது."

மே மாதத்தின் நடுப்பகுதியில், வெயில் தெளிவாக எறித்த ஒரு முற்பகலில், கதவு தட்டப்பட்டது. வழக்கமாகக் கடிதங்களைக் கொண்டுவருபவர் காவலர். அன்று நின்றவள், அவர்கள் முன்பின் பார்த்திராத ஓர் அலுவலகப் பெண். புன்னகையோடு ஒரு தாளை நீட்டினாள். அம்புறோஸ் அதை வாங்காமலே, அவள் கையிலிருந்தபடியே அவசரமாக வாசித்தார். இடமாற்றம் அனுமதிக்கப்பட்டிருந்தது. முத்திரை இருந்தது. கையொப்பம் இருந்தது.

"புஷ்பம், கிடைச்சிட்டுது! இண்டைக்கே வெளிக்கிடலாம்!"



அவர் திரும்பினார். சுஜீவா தாயின் பின்னால் ஒடுங்கி, இரு கைகளாலும் தன் முகத்தை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

அறையில் சவர்க்காரம் மணத்தது.

அப்போதுதான் அவர் தாளை நீட்டிய அந்தக் கையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கை, முழங்கை வரை நனைந்திருந்தது.

அவள் புன்னகை மாறாமல், சுஜீவாவின் மூடிய முகத்தைப் பார்த்தபடி, அந்தத் தாளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.