பட்டியலில் இல்லாத சொட்டு

காலைக் கஞ்சி குடிக்கும்போதே அதியனின் மணிக்கட்டில் பதித்த குருதிமானி அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடும். "வைரஸ் அடங்கியிருக்கிறது. தட்டணு பன்னிரண்டாயிரம்." செவ்வாயின் நிலத்தடிக் குடியிருப்பில் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வாசல் பலகையிலேயே அவன் பெயர், இரத்த வகை, எச்.ஐ.வி. உண்டு என்று போட்டிருக்கும்.

ஆனால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். அவனுக்குப் பல் துலக்கினால் இரத்தம் கசிந்தது; இடித்துக்கொண்ட இடமெல்லாம் கன்றிப்போனது.

மருத்துவ இயந்திரம் மருதன் மூன்றாம் முறையாக வந்தது. "ஏதோ ஒரு மருந்து தட்டணுவை அழிக்கிறது. தோளில் தோலுக்கடியில் உள்ள எச்.ஐ.வி. மருந்துச் சில்லைத்தான் சந்தேகிக்கிறேன். இன்று அதை அணைக்கிறேன். வைரஸ் தலைதூக்கும், வேறு வழியில்லை. நீங்கள் சாப்பிடும் மருந்து வேறு எதுவும் இல்லையே?"

"ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவை சொல்லிட்டமே" என்றான் அதியன்.

அவன் மனைவி பூங்கோதை கஞ்சிச் சட்டியை மூடினாள். இரண்டு மாதமாக அவன் கஞ்சியில் குறட்டை அடக்கும் சொட்டு மருந்தைக் கலந்து வந்தவள் அவள்தான். அங்கே நாற்பது வீட்டுக்கும் ஒரே காற்றுக்குழாய். ஒருவன் குறட்டை விட்டால் வரிசை முழுக்கக் கேட்கும்; அந்தக் குடும்பத்தில் யாரும் சம்பந்தம் வைக்க மாட்டார்கள். மானத்துக்குப் பயந்து கட்டியவனையே கொல்லப் பார்த்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மருதன் தோளை நோக்கி விரலை நீட்டியது.

"நிறுத்து! நாந்தான்... கஞ்சியில குறட்டைச் சொட்டு கலந்தேன்." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பட்டியலில் அது இல்லையே! அதுதான் காரணமாக இருக்க வேண்டும். உடனே நிறுத்துங்கள். சில்லு இருக்கட்டும்" என்றது மருதன்.

அதியன் அவளையே பார்த்தான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி. நான் குறட்டையா விடுறேன்?"

மறுநாளிலிருந்து கஞ்சியை அவன் முன் வைக்குமுன் பூங்கோதை ஒரு வாய் குடித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்க்காமலேயே வாங்கிக் குடித்தான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

பத்தாம் நாள் தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன்பே குறட்டை திரும்பிவிட்டது.

அன்று மாலை பக்கத்து வீட்டு சலோமி வந்தாள். எட்டு வருடமாக அவர்கள் சட்டியிலேயே அள்ளிச் சாப்பிட்டவள், பிள்ளைகளை அதியன் மடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். இன்று வாசலைத் தாண்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்குக் குறட்டையாமே... பிள்ளைங்களுக்குத் தொத்திக்காதுல்ல?"