கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆமை

"அவன் அந்தப் பக்கம் நிக்கிறான், நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். நடுவுல என்னப்பா, கடலா இருக்கு? வெறும் கண்ணாடிதானே?"

"கடலா இருந்தா நீந்திக்கூடப் போயிடலாம். இது சட்டம்," என்றார் அப்பா. "விமானம் மாறிப் போறவங்க இந்தக் கூடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. வெளிய இருக்கிறவங்க உள்ள வரக் கூடாது. அந்த ஆபீசர் ரெண்டு தடவை சொல்லிட்டார்."

"மூணாவது தடவை கேட்டுப் பார்க்கலாமே?"

"கேட்டா அவர் அழுதுடுவார்மா."

இப்படி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் நல்லதாக ஒரு பெயர் உண்டு. ஆனால் தெருவே அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் ஆமை. எதையும் அவ்வளவு நிதானமாகச் செய்வான். அவன் ஷூவுக்கு முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

எதிரும் புதிருமான வீடுகள். நகமும் சதையுமாக இருந்தார்கள். போன வருடம் ஆமையின் அப்பாவுக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்தது. குடும்பமே கிளம்பி வந்துவிட்டது. இப்போது பட்டாசு வேறொரு நாட்டில் இருக்கும் தன் மாமா வீட்டுக்குப் போகிறாள். வழியில் இங்கேதான் விமானம் மாற வேண்டும். மாலை வரை காத்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது வீட்டில் குதித்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் குதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆமையின் அம்மா போனில் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. "புது ஸ்கூல்ல ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். தனியாத்தான் சாப்பிடுறான்."

அப்பா தன் போனை நீட்டினார். "சார்ஜ் தீரப் போகுது. சீக்கிரம் பேசு."

அந்தப் பக்கம் ஆமை தன் அம்மாவின் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

"டேய் ஆமை, எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?"

"ம். நிறைய."

வாராவாரம் போனில் சொல்லும் அதே பதில்தான். ஆனால் இன்று முகம் தெரிந்தது. 'நிறைய' என்றபோது அவன் காது இரண்டும் சிவந்துபோய், பார்வை ஷூ நுனிக்கு இறங்கியது. பொய் சொன்னால் அவன் காது எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும்.

"டேய், உன் காது..." என்று பட்டாசு ஆரம்பித்தாள். போன் அணைந்துவிட்டது.

இனிமேல் பேச முடியாது. அந்தக் கண்ணாடி அவ்வளவு தடிமன். பட்டாசு கத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்ததுதான் மிச்சம்.

பட்டாசின் மூளைக்கு ஒரு விசேஷம் உண்டு. வாய் ஓய்ந்தால்தான் அது வேலை செய்யும். சட்டென்று அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு விருட்டென்று திரும்பினாள்.

ஆமைக்கு உடனே புரிந்துவிட்டது. சிலை ஆட்டம்! ஒருவர் திரும்பி நிற்க, மற்றவர்கள் பின்னாலிருந்து பூனைபோல வருவார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் எல்லாரும் சிலையாகிவிட வேண்டும். அசைந்தவர் பழைய இடத்துக்குப் போக வேண்டும். தொட்டவர் ஜெயித்தவர். இதில் பேச்சுக்கு வேலையே இல்லை.

ஆமை தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தான். அவள் திரும்பும்போதெல்லாம் கல்லாக நின்றான். கண்கூட இமைக்கவில்லை. கடைசியில் அவள் உள்ளங்கை வைத்திருந்த இடத்தில் கண்ணாடியைத் தொட்டான். இரண்டாவது முறையும் அவன்தான், மூன்றாவது முறையும் அவன்தான்.

"ஒருத்தனே ஓடுற ரேஸ்ல அவன்தான் முதல், அவன்தான் கடைசி," என்றான் பட்டாசின் தம்பி வாண்டு. சின்னப் பையன்தான், ஆனால் சரியாகச் சொல்லிவிட்டான்.

'யாரையாவது கூப்பிடு' என்று பட்டாசு கையைச் சுழற்றிக் காட்டினாள். ஆமை தலையை ஆட்டினான். மாட்டானாம். மறுபடி ஷூ நுனி.

அப்போதுதான் அவள் கவனித்தாள். ஆமையின் முதுகுக்குப் பின்னால் ஒரு நீள பெஞ்ச். அதில் சுருட்டைத் தலைப் பெண் ஒருத்தி, பலூன் ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரையோ வரவேற்க வந்திருக்கிறாள் போல. பார்வை முழுக்க ஆட்டத்தின்மீதுதான். அவள் கழுத்தில் நீலக் கோடு போட்ட மஞ்சள் டை.

ஆமை பள்ளி விட்டதும் நேராக வந்திருந்தான். அவன் கழுத்திலும் அதே டை.

"வாண்டு, அங்க பாரு. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்."

"அவனுக்குத் தெரியாதா?"

"ஷூவையே பார்த்துட்டு இருந்தா டை எப்படிடா தெரியும்?"

பட்டாசு அந்தப் பெண்ணைப் பார்த்து ஒற்றைக் காலைத் தூக்கி, நாக்கை நீட்டி, சிலையாக நின்றாள். அந்தப் பெண் சிரித்தாள். பட்டாசு கை அசைத்துக் கூப்பிட்டாள். அவள் 'நானா?' என்பதுபோல் தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு பலூனோடு வந்து ஆமைக்குப் பக்கத்தில் நின்றாள்.

இரண்டு பேரும் நேராகக் கண்ணாடியையே பார்த்தார்கள். போட்டோ எடுக்க நிற்பதுபோல. பட்டாசுக்குப் பொறுக்கவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அவன் டையைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் டையைக் காட்டினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆட்டம் சூடு பிடித்தது. சுருட்டைத் தலைக்கு ஓட்டம் பிரமாதம், நிற்பது பிரமாதம். ஆனால் அவள் நின்றாலும் பலூன் நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தலையாட்டியது.

"அவுட்," என்று பட்டாசு கையைக் காட்டினாள்.

அப்போது நடந்ததை வாண்டு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆமை சண்டைக்கு வந்தான்! பலூனைக் காட்டினான், காற்றைக் காட்டினான், அந்தப் பெண்ணின் கால்களைக் காட்டினான், இரண்டு கைகளையும் விரித்தான். வாய் நிற்காமல் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. காற்று ஆட்டினால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

எருமை மாடு மிதித்தாலும் வாயைத் திறக்காதவன், இன்னொருத்திக்காக வக்கீலாக நின்றான். பட்டாசுக்கு அவனை அப்படியே தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, 'சரி, அவுட் இல்லை' என்று தலையாட்டினாள்.

அடுத்த முறை திரும்பியபோது, தள்ளுவண்டிகளை வரிசையாகத் தள்ளி வந்த அண்ணன் ஒருவரும் சிலையாக நின்றார். அதற்கடுத்த முறை, தரை துடைக்கும் அக்கா துடைப்பானைத் தூக்கியபடி நின்றார். ஐந்தாறு பிள்ளைகள் எங்கிருந்தோ சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்தார் காவலாளி. மலை மாதிரி உருவம், கல் மாதிரி முகம்.

"போச்சு," என்றான் வாண்டு.

பட்டாசு முதுகைத் திருப்பினாள். மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

காவலாளி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தொப்பை மட்டும் லேசாகக் குலுங்கியது.

கூட்டமே உருண்டு சிரித்தது. ஆமையும் சுருட்டைத் தலையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு அவள் ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான். பேச்சு நீண்டது. கொஞ்ச நேரம் யாருமே கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"அக்கா, அவங்க உன்னை மறந்துட்டாங்க."

பட்டாசு உள்ளங்கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா. நாளைக்கு ஸ்கூல்ல நான் இருக்க மாட்டேன். அவ இருப்பா."

விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. பட்டாசின் அம்மா பைகளை எடுத்தார். பட்டாசு கண்ணாடியைத் தட்டி, இரண்டு கையாலும் இறக்கை காட்டினாள். ஆமை ஓடி வந்தான். ஆமாம், ஓடித்தான் வந்தான். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றன. ஆமை ஏதோ சொன்னான். கேட்கவில்லை. ஆனால் காது சிவக்கவில்லை.

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்தடி போயிருப்பாள். மனசு கேட்காமல் திரும்பினாள். அங்கே இப்போது ஆமைதான் கண்ணாடியை ஒட்டி நின்றான். அவனுக்குப் பின்னால் சுருட்டைத் தலையும் மற்றப் பிள்ளைகளும் பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவன் பார்வை நேராக இவள்மீது இருந்தது.

பட்டாசு அப்படியே சிலையானாள். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில், பெட்டி சாய்ந்த மேனிக்கு.

"என்னடி நின்னுட்ட? கதவை மூடப் போறாங்க!" என்றார் அம்மா.

அவள் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. ஆமை அவளையே பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்து, மற்றவர்களைப் பிடிக்க விருட்டென்று திரும்பினான். அவ்வளவுதான், பட்டாசு பெட்டியோடு பறந்தாள்.

விமானத்தில் வாண்டு கேட்டான், "அக்கா, கடைசியா யாரு ஜெயிச்சா? நீயா, ஆமையா, பலூன் அக்காவா?"

பட்டாசு விரல்விட்டு எண்ணினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நீங்கள்தான் முழு ஆட்டத்தையும் பார்த்தீர்களே, சொல்லுங்கள், ஜெயித்தது யார்?